நாப்பத்தி மூணு, ஆடி மாசம்

வசந்தாமணிக்கு வரலாறு என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டவள். எந்த ராஜா எந்த வருஷம் எந்த ஊரைப் பிடித்தான், பிடித்து என்னத்தைக் கிழித்தான், அதை எடப்பாடிக்கு மேற்கே காடு உழுது பிழைக்கிற ஒரு காட்டுக்காரர் வீட்டுப் பெண் எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று வாத்தியாரையே கேட்டுவிட்டு, ஒரு பீரியடு முழுக்க பெஞ்சு மேல் நின்றவள். அப்படிப்பட்டவளைத்தான் அந்தச் சனியன் பிடித்து ஆட்டியது. அதுவும் ஒரு கதைப் புத்தகத்துக்குள் ஒளிந்து வந்து பிடித்தது.

எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றதில் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது. அம்மா இல்லை. வீட்டில் அவளும் அப்பா நாச்சிமுத்துக் கவுண்டரும் மட்டும்தான். எடப்பாடியில் நூலகத்து வேலை. காலையில் டவுன் பஸ் ஏறிப் போய்க் கதவைத் திறப்பாள், பொழுதோடு பூட்டிவிட்டு வருவாள். தினத்தாள் படிக்க வருகிற பெரிசுகளும் தொடர்கதை வாங்கப் பொடிசுகளை அனுப்புகிற தறிக்காரர் வீட்டுப் பெண்களும்தான் அவள் ராஜ்ஜியம்.

கழித்துக்கட்ட ஒதுக்கியிருந்த பழைய புத்தகக் கட்டுக்குள் அந்தப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை. அதனால் அதற்கு என்ன பெயர், யார் எழுதியது என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது. யாரோ தமிழில் மொழிபெயர்த்த நாவல். போலந்து தேசத்துத் தையற்காரர் ஒருவர், யூதர். பெண்டு பிள்ளைகளோடு அவரை ஜெர்மன்காரர்கள் ரயிலில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். இறங்கிய இடத்தில் இரண்டு வரிசை. பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரு வரிசையில் போனார்கள், போனவர்கள் போனதுதான். தையற்காரர் மட்டும் மூன்று வருஷம் அந்த முகாமில் கிடந்து, எலும்பும் தோலுமாக வெளியே வருகிறார்.

இரண்டு நாளில் படித்து முடித்தாள். அந்த இரண்டு நாளும் நூலகத்தில் யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன எடுத்துக் கொடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கோழி வளர்ப்புப் புத்தகம் கேட்டவருக்குக் கந்த புராணம் போயிருக்கிறது. பரவாயில்லை, அவரும் திருப்பிக் கொண்டு வரவில்லை.

புத்தகத்தின் நடுவில் ஓர் இடம் வந்தது. விடுதலையாகி, வேறு ஊரில் கடை வைத்து, நன்றாகச் சம்பாதித்த பிறகும் அந்தத் தையற்காரர் தலையணை உறைக்குள் ஒரு ரொட்டித் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டுதான் படுப்பார் என்று எழுதியிருந்தது. வசந்தாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அவள் அப்பன் தலையணையில் ஒரு படி அரிசி இருக்கும். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. புழு வைத்தால் கொட்டிவிட்டுப் புது அரிசி போட்டு அவரே தைப்பார். கிறுக்கு என்று அம்மா சிரிப்பாள், இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அடக் கடவுளே, இத்தனை வருஷமாக வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு ஆள் இருந்திருக்கிறாரே என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் சயாம் காட்டில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டுவிட்டு வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. சேலத்துப் பெரிய நூலகத்துக்கு எழுதிப் போட்டு யுத்தப் புத்தகமாக வரவழைத்தாள். இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் தேதிகளாக எழுதினாள். மலேயா விழுந்தது எப்போது, சயாம் பாதை ஆரம்பித்தது எப்போது, முடிந்தது எப்போது. மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் கணக்கில்லாமல் அங்கே செத்திருக்கிறார்கள் என்று ஒரே ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. கணக்கில்லாமல் என்ற வார்த்தை அவளுக்குக் கோபத்தை மூட்டியது. ஏன், கணக்கெடுத்தால் என்ன, கை முறிந்துவிடுமா என்று தனியாக உட்கார்ந்து திட்டினாள். கோபம் நியாயமானதுதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஆராயியைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எடப்பாடித் தறிக் கூடங்களில் பாவு பிணைக்கிற வேலை. தறியில் பழைய பாவு, அதாவது நெடுக்கு நூல், முடிகிற நேரத்தில் அதன் ஒவ்வொரு நூலோடும் புதுப் பாவின் ஒவ்வொரு நூலையும் விரலால் முறுக்கி ஒட்டவைப்பது. இரண்டாயிரம் மூவாயிரம் இழை இருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் துணி நெடுகக் கோடு விழும். ஆராயி பிணைத்த பாவில் கோடு விழுந்ததாக எடப்பாடியில் யாரும் சொன்னதில்லை.

அவள் புருஷன் மாதையன், நாச்சிமுத்துவின் காட்டில் வேலை பார்த்தவன். முப்பத்தேழில் மழை பொய்த்து நாச்சிமுத்து மலேயாவுக்குக் கப்பல் ஏறினபோது மாதையனையும் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகிப் பத்து மாதம். நாற்பத்தாறில் நாச்சிமுத்து மட்டும் திரும்பி வந்தார். மாதையன் சயாம் பக்கம் ஒரு சீனத்தியோடு குடித்தனம் நடத்துகிறான், ஒருநாள் வருவான் என்றார். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை, அக்கரையிலிருந்து வந்த ஆள் சொன்னான், மாதையன் சுகமாக இருக்கிறானாம் என்று ஊரில் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொல்லி வைப்பார். ஆராயியும் வருஷம் தவறாமல் ஆடிப் பதினெட்டன்று பூலாம்பட்டிக் காவிரிக்குப் போய்த் தாலிக் கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு வருவாள். சீனத்தி புருஷனுக்கு இவள் மஞ்சள் கரைக்கிறாள் என்று ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்தக் கயிற்றில்தான் அவள் குடிசையும் கட்டியிருந்தது. மாமனார் விட்டுப்போன முக்கால் ஏக்கர் மேட்டாங்காடு, அதில் பாதி மாதையன் பங்கு, அந்தப் பாதியில் ஆராயி குடிசை. மறுபாதியில் கொழுந்தன் பெரியசாமியும் அவன் பெண்டாட்டி சாலம்மாளும். பெரியசாமிக்கு அந்தப் பாதி மேல் கண் இருந்தது. ஆனால் அண்ணன் நாளைக்கே வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? அந்தப் பயம் ஒன்றுதான் இத்தனை வருஷமாக அவனைக் கட்டி வைத்திருந்தது.

இதெல்லாம் வசந்தாமணிக்கும் தெரியும். ஆனால் அவள் கண்ணுக்கு ஆராயி நாவலில் வருகிற பெண்ணாகத்தான் தெரிந்தாள். கடைசி அத்தியாயத்தில் அந்தத் தையற்காரர், முகாமில் செத்த சிநேகிதனுடைய மனைவியைத் தேடிப் போய், நடந்ததைச் சொல்கிறார். அவள் அழுது தீர்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து முத்தமிட்டு, இன்றைக்குத்தான் நான் தூங்குவேன் என்கிறாள். அந்தப் பக்கத்தை வசந்தாமணி எட்டுத் தடவை படித்திருந்தாள். போலந்துக்காரியை நோட்டில் 'அவர்' என்று எழுதியவள், தன்னைவிட இரண்டு மடங்கு வயதான ஆராயியை வா, போ என்றுதான் பேசுவாள். அதில் ஏதாவது இடிக்கிறதா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்பனிடம் கேட்டாள். வைகாசி முழுக்க நயந்து கேட்டாள்.

"ஏனுங்கப்பா, மாதையன் நெசமாலுமே உசுரோட இருக்கறானுங்களா?"

"இருக்கறான் கண்ணு. போயி வேலையப் பாரு."

"எந்த ஊர்லீங்க?"

"அதென்னமோ வாயில நொழையாத பேரு."

ஆனி மாதம் முழுக்கச் சண்டை போட்டுக் கேட்டாள். சோறு போடாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பட்டினி போட்டு அவரிடமிருந்து ஒன்றும் பெயராது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் பார்க்காத பட்டினியா? எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. கரும்பு வெட்டி முடிந்து, காட்டில் கிடக்கிற காய்ந்த இலைச் சோகைக்கு யாராவது தீ வைக்கிற நாளில் அவர் ஊரில் இருக்க மாட்டார். பஸ் ஏறி எடப்பாடிக்கோ மேச்சேரிச் சந்தைக்கோ போய், இருட்டின பிறகுதான் திரும்புவார். தன் காட்டில் சோகையை மக்க விடுவாரே ஒழிய ஒரு நாளும் கொளுத்த விட்டதில்லை. தலையணைக்குப் புத்தகத்தில் விளக்கம் கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை. அதுதான் வசந்தாமணியை அரித்தது.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் உச்சியில் நிற்கிற நேரம். நாச்சிமுத்து வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எழுபது வயது, முழங்கால் இரண்டும் பழுது. தடியில்லாமல் எழ முடியாது. வசந்தாமணி முதலில் அந்தத் தடியை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். பிறகு நான்கு கட்டுச் சோகையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பத்தடி தள்ளி வாசலில் குவித்தாள். பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்தாள். இடுப்பில் நோட்டு. தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

பெற்ற மகள் செய்தாள் இதை. அவளுக்கு அப்போது அது கொடுமை என்று தோன்றவில்லை, ஆராய்ச்சி என்று தோன்றியது.

சோகை படபடவென்று பிடித்தது. நாச்சிமுத்து எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. மூக்கைப் பொத்தினார், காதைப் பொத்தினார், பிறகு கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வேட்டி நனைந்துவிட்டது.

"தண்ணி ஊத்து சாமி... தண்ணி ஊத்து..."

"சொல்லுங்க, ஊத்தறேன்."

"அணைச்சுப்போடு கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போகுது."

"மாதையன் என்ன ஆனான்? சொல்லுங்க, அணைக்கறேன்."

சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, நெருப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"மழைங்க. ரெண்டு மாசமா உட்ட பாடில்ல. மூங்கக் கொட்டாய் போட்டு எங்கள அடைச்சு வெச்சிருந்தாங்க. பேதி வந்துருச்சு. காத்தால பேசிட்டிருந்தவன் பொழுதோட இல்ல. சீக்காளிகள எல்லாம் ஒரே கொட்டாயில கொண்டி போட்டாங்க, எரநூறு பேரு இருக்கும். மாதையனும் உள்ள. வாசல்ல இருந்து மூணாவது ஆளு. நான் மேஸ்திரி. ஜப்பான்காரன் சீமெண்ணெய் டின்னக் கொண்டாந்து என்ற கையில குடுத்தான். கொளுத்துன்னான். உள்ள எல்லாரும் சாவுலீன்னு சொன்னேன். துப்பாக்கிய என்ற நெஞ்சுல வெச்சான்."

பெற்ற மகளிடம் மரியாதை போட்டு 'மழைங்க' என்று ஆரம்பித்ததை அவர் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

"மாதையன் தலமாட்டுல ஒரு பை இருந்துச்சு. அதுல ஒரு புடி அரிசி. அத எடுக்கறதுக்குக் குனிஞ்சேன். கண்ணத் தொறந்து பாத்தான். கவுண்டரே, தண்ணின்னான். அப்பறம்... பத்த வெச்சேன்."

"எந்த வருசம்?"

"அங்க ஏது பஞ்சாங்கம்... சாமி, ஆராயி காதுக்கு இது போக வேண்டாம். அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு..."

"அது கெடக்கட்டும். வருசத்தச் சொல்லுங்க. மழை ஆரம்பிச்சு ரெண்டு மாசம்ன்னா ஆடி மாசமா? பாதை வேலை முடியறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

நாப்பத்தி மூணு, ஆடி மாசம். இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தேதியை அவளே கண்டுபிடித்துவிட்டாள்! பிறகுதான் வாளியைத் தூக்கி ஊற்றினாள். அதற்குள் சோகை எரிந்து முக்கால்வாசி சாம்பலாகியிருந்தது.

அன்றைக்குப் பிறகு நாச்சிமுத்து பேசவில்லை. பாதி வாய் கோணிக்கொண்டது, வலது கை விழுந்துவிட்டது. வாதம் என்றார் டாக்டர், பேச்சு இனி வராது என்றார். வயசாச்சு, என்ன பண்ணுவது என்று உறவுக்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். வசந்தாமணி அழுதாள். அழுகை பொய்யில்லை. ஆனால் அழுகைக்கு நடுவில், நல்லவேளை அதற்கு முன்னால் எழுதிக்கொண்டோம் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதுவும் பொய்யில்லை.

ஆடிப் பதினெட்டு. பூலாம்பட்டிக் கரையில் கால் வைக்க இடமில்லை. மேட்டூரில் தண்ணீர் விட்டிருந்தார்கள். பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் வைத்துக் கும்பிட்டு, ஒருத்தி கழுத்தில் ஒருத்தி புது மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆராயி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று சாலம்மாள் புதுக் கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய கயிறு இன்னும் கழுத்தில் இருந்தது.

வசந்தாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"கட்டாத ஆராயி."

ஆராயி நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ற புருசன் வரமாட்டான். உன்கிட்ட உண்மையச் சொல்லோணும்ன்னுதான் வந்தேன்."

ஆராயி அழவில்லை, அலறவில்லை. பார்வையை மட்டும் தாழ்த்திக்கொண்டு, பல்லுக்குள்ளேயே சொன்னாள். "சாமி, இங்க வேண்டாங்க. கம்முனு இருங்க. ஊட்டுக்கு வாரேன்."

துக்கத்தை நம்ப மறுக்கிறாள் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். நாவலில் அந்தப் பெண்ணும் முதலில் காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் குரலை உயர்த்தினாள். "மாதையன் செத்துப்போனான் ஆராயி. சயாம்ல, பேதி வந்து. நாப்பத்தி மூணு, ஆடி மாசம். எங்கப்பா நேர்ல பாத்தாரு."

பேதி வந்து என்றாள், அதோடு நிறுத்தினாள். உண்மை உண்மை என்று குதித்தவள், தன் அப்பன் கையில் சீமெண்ணெய் டின் வருகிற இடத்தில் மட்டும் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாலம்மாளின் கையிலிருந்து கயிறு நழுவியது. அடுத்த நொடி, "அய்யோ எங்க மச்சாண்டாரே" என்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி மாரில் அடித்துக்கொண்டாள். அவள் அவனைப் பார்த்ததுகூட இல்லை. பெண்கள் ஓடி வந்தார்கள். நல்ல நாளில், சுமங்கலிகள் கயிறு மாற்றுகிற இடத்தில், அறுதலி எப்படி உட்காரலாம் என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் முறையாகச் செய்யலாம் என்று இன்னொருத்தி சொன்னதற்குச் சாலம்மாள், "செத்து முப்பத்தஞ்சு வருசமாச்சு, இன்னும் என்னத்தக் காக்கறது?" என்றாள். அங்கேயே, அந்தக் கல்லிலேயே வைத்து வளையலை உடைத்தார்கள். நெற்றியைத் தேய்த்து அழித்தார்கள். பழைய கயிற்றை அறுத்தார்கள். ஆராயியின் கழுத்தில் நகம் பட்டு ரத்தம் வந்தது. இத்தனைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. வசந்தாமணி கையைப் பிசைந்துகொண்டு, அவள் எப்போது தன் பக்கம் திரும்பி அழப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாம் நாள் பெரியசாமி இரண்டு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்முணி, எங்கண்ணன் செத்தது நாப்பத்தி மூணுதானுங்களா? நிச்சயமுங்களா?"

"நிச்சயந்தான். ஆடி மாசம்."

"எழுத்துல இருக்குதுங்களா?"

அந்த நூலகத்துக்கு வரலாறு கேட்டு வந்த முதல் ஆள் அவன். வசந்தாமணி நோட்டைத் திறந்து, அடிக்கோடு போட்ட இடத்தைப் பெரியவர்களுக்குக் காட்டினாள். வரி வரியாகப் படிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. தேதி மட்டும் போதும் என்றார்கள். மழைக் காலத்தை வைத்து எப்படிக் கணக்குப் போட்டாள் என்பதை வேறு அவர்களுக்கு விளக்கினாள். பெரியசாமி தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். மாதையனின் அப்பன் செத்தது அம்பதில், மகன் செத்தது நாப்பத்தி மூணில். அப்பனுக்கு முந்தியே செத்தவனுக்குப் பங்கு எங்கிருந்து வரும்? பங்கே இல்லாதவன் பெண்டாட்டிக்குக் குடிசை எங்கிருந்து வரும்? நாற்பத்து மூன்று என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பெரியசாமி மறுநாள் காலையில் குடிசையின் ஓலையைப் பிரித்தான்.

மத்தியானம் ஆராயி நூலகத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, வெறுங்கை. வாசலில் ஒரு ஈயச் சட்டியையும் துணி மூட்டையையும் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். தினத்தாள் படிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

வசந்தாமணி எழுந்து நின்றுவிட்டாள். "உக்காருங்கக்கா."

"இதென்னங்க புதுசா? போன வாரம் வரைக்கும் வா, போதானுங்க." ஆராயி தரையில் உட்கார்ந்தாள். "அவரு செத்தது எனக்குத் தெரியுமுங்க."

வசந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பாரு வந்து எறங்குன அன்னிக்கே கெணத்தடில வெச்சுச் சொல்லிட்டாரு. பேதில போயிட்டாருன்னாரு. நாந்தான் அவரு காலப் புடிச்சேன். சாமி, செத்தாருன்னு சொல்லிப்போடாதீங்கன்னு கேட்டேன். எனக்கு இருவத்தாறு வயசு. என்ற மாமனாரு அறுத்த கையோட என்னையக் கொண்டி பெரியசாமிக்குக் கட்டி வெச்சிருப்பாரு. அவன் அப்பவே ஒருத்திய அடிச்சுத் தொரத்துனவன், இன்னொருத்தி கெணத்துல குதிச்சா. சாலம்மா மூணாவதுங்க. நீங்களே அவர உசுரோட வெச்சிருங்கன்னு கேட்டேன். வெச்சிருந்தாருங்க. சீனத்தி கதையெல்லாம் உங்கப்பாரு கட்டுனதுதான். ஊரு சிரிச்சுது. சிரிச்சா என்னங்க? எந்த ஆம்பளையும் என்ற ஊட்டுத் தட்டியத் தொட்டதில்ல. முப்பத்திரண்டு வருசம் நான் என்ற கஞ்சியக் குடிச்சுப்போட்டு என்ற பாயில படுத்தேன்."

'அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு' என்று அப்பன் ஆரம்பித்ததும், அது கிடக்கட்டும் என்று இவள் வெட்டியதும் வசந்தாமணி காதில் திரும்பக் கேட்டது. "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு..."

"அதெல்லாம் ஆகிப்போச்சுங்க, உடுங்க. அந்த நோட்ட எடுங்க. பெரியசாமிக்குக் காட்டுனீங்களாமே. எனக்குப் படிங்க. என்ற புருசனப் பத்தித்தான எழுதியிருக்கு?"

மறுக்க முடியவில்லை. நோட்டை மேஜை மேல் விரித்தாள். ஆராயி எழுந்து பக்கத்தில் வந்து நின்று, அவள் விரல் போகிற இடத்தைப் பார்த்தாள். வசந்தாமணி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். இரண்டு மாதம் மழை. மூங்கில் கொட்டாய். பேதி. சீக்காளிகள் இருநூறு பேர். மாதையன், வாசலிலிருந்து மூன்றாவது. அதற்குக் கீழே ஆறு வரிகள் இருந்தன. விரலைத் தூக்கி ஏழாவது வரியில் வைத்து, "நாப்பத்தி மூணு, ஆடி மாசம் எறந்தாரு" என்று முடித்தாள்.

ஆராயி நகரவில்லை. நூல் அறுத்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை நீட்டி, அந்த ஆறு வரியின் மேல் வைத்தாள். "இத உட்டுட்டீங்களே."

"அது... ஒன்னுமில்லீங்கக்கா. ரயில் பாதையப் பத்தி."

"நாப்பது வருசம் பாவு புடிச்ச கண்ணுங்க இது. எழை உட்டுப்போனாத் தெரியுமுங்க. படிங்க."

வசந்தாமணி படித்தாள். நடுவில் இருமினாள், மறுபடி படித்தாள். சீமெண்ணெய் டின். எல்லாரும் சாகவில்லை. துப்பாக்கி. ஒரு பிடி அரிசி. கண்ணைத் திறந்து பார்த்தான். கவுண்டரே, தண்ணி என்றான். பத்த வைத்தேன்.

ஆராயி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். மேஜை ஆடியது. தாலி அறுத்தபோது வராத சத்தம் இப்போது அவள் வயிற்றிலிருந்து வந்தது, அடிபட்ட ஆட்டின் சத்தம். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. வசந்தாமணி தொடப் போனாள். ஆராயி கையைத் தள்ளிவிட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டையே பார்த்தாள்.

"தண்ணி கேட்டாருன்னு இருக்குது."

"ஆமாங்க."

"குடுத்தாருங்களா?"

வசந்தாமணி நோட்டைப் பார்த்தாள். அடுத்த வரியில் தேதி இருந்தது, இரண்டு அடிக்கோட்டோடு.

"எழுதலீங்க."

"அவரு சொல்லலீங்களா, நீங்க கேக்கலீங்களா?"

வீட்டில் நாச்சிமுத்து கோணின வாயோடு படுத்திருந்தார். இனி யார் கேட்டாலும் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது.

"நான் கேக்கலீங்க" என்றாள் வசந்தாமணி.

ஆராயி வெளியே போய், ஈயச் சட்டியைத் தலையிலும் மூட்டையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, தறிக்காரர் தெருப் பக்கமாக நடந்தாள்.